எடை குறைத்த ப்ரோகிராமை நான் படித்த மூன்று வருடங்கள்

தினேஷ்,

போன ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நாம் மூவரும் உட்கார்ந்திருந்தபோது, நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்னிடம் கேட்டாள். "ஆன்டி, ரிவர்ஸ் எஞ்சினியரிங்லாம் நீங்களே படிச்சீங்களாமே, எப்படி ஆன்டி?" நான் சிரித்தபடி, "யூடியூப் பாத்துத்தான் லா" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன். நீ தலையைத் தூக்கவே இல்லை. அப்பளத்தை நொறுக்கி நொறுக்கி இலை ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தாய். உன் முகம் ஏன் அப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். "உங்களுக்கு இது வராதும்மா" என்று நீ ஒரு நாள் சொன்னது உனக்கு ஞாபகம் வந்திருக்கும்.

அதை நான் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நீ கல்யாண மேடையில் ஏறக்கூடாது. மூன்று வாரத்தில் நீங்கள் இருவரும் செமினியில் உங்கள் புது வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஆபீசில் கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாறப் போகிறேன், அதற்கு இதையெல்லாம் படிக்க வேண்டும் என்றும் சொன்னாய். அதனால் அவள் கேட்டதற்கு ஒழுங்கான பதிலை எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட சிலதும் இதில் வரும். படித்து முடித்த பிறகு யார் யாரிடம் தலைகுனிய வேண்டும் என்று நீயே பார்த்துக்கொள்.

டெங்கிலில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை வாங்கும் நிலையத்தில் பத்தொன்பது வருடம் எடை மேடைக் குமாஸ்தாவாக இருந்தேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நான் என்ன செய்தேன் என்று நீ ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. குலை ஏற்றிய லோரி மேடைமேல் வந்து நிற்கும். தோட்டக்காரரின் குறியீட்டைத் தட்டினால் எடை என் கணினியில் வரும். குலையை இறக்கிவிட்டு லோரி காலியாக வந்து நிற்கும். இன்னொரு முறை தட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எடைச் சீட்டாக அச்சாகும். உண்மையான எடையைக் காட்டும் பெட்டி மேனேஜர் அறையில் பூட்டி இருக்கும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. மேஜை, நாற்காலி, ஏர்கோன் மாதிரி அதுவும் ஒரு சாமான் என்று இருந்துவிட்டேன்.

ராமையா அங்கிள் என்று ஒருவர் வருவார். எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். டெங்கில் பக்கம் ஐந்து ஏக்கர் செம்பனை. சின்ன லோரி ஒன்று, அதை அவர் மகன் குமார் ஓட்டுவான். ஒரு காலை அவர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"எம்மா, வர்ற வழியில இன்னொரு எடத்துல நிறுத்துப் பாத்தேன். அங்க ஐயாயிரம் கிலோ காட்டுச்சு. இங்க நாலாயிரத்து எண்ணூத்தம்பதுன்னு வருது. நூத்தம்பது கிலோ எங்கம்மா போச்சு?"

அவருக்குப் பின்னால் ஆறு லோரி நின்றது. எனக்கு எரிச்சல். "அங்கிள், மெஷினு பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான். நடுவுல எங்கியாச்சும் எறக்கினாங்களான்னு உங்க ஆளக் கேளுங்க" என்றேன். வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். குமார் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். பெரியவர் சீட்டை நாலாக மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வந்தார். அப்புறம் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு நாள் கணினிக்கும் எடைப் பெட்டிக்கும் நடுவில் கேபிள் தகராறு. மேனேஜர் வெளியே போயிருந்தார். பழுது பார்க்க வந்த ஆள், "அக்கா, பெட்டியில என்ன நம்பர் இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று மேனேஜர் அறைச் சாவியை வாங்கித் திறந்துவிட்டார். பெட்டியில் 5,200. நான் திரும்பி வந்து என் திரையைப் பார்த்தேன். 5,044. மேடையில் நிற்பது அதே லோரி. மாலையில் மேனேஜரிடம் கேட்டேன். "கேபிள் நீளம்மா, கொஞ்சம் லாஸ் ஆகும்" என்றார். மனதுக்குச் சமாதானமாகவும் இருந்தது, ஆகாமலும் இருந்தது.

அன்றைக்கு வீட்டில் உன்னிடம் கேட்டேன், "தம்பி, கேபிள்ல எடை கொறையுமா?" நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாய். "எடை என்ன தண்ணியாம்மா, ஒழுகிப் போறதுக்கு?" அப்படியானால் அந்த ப்ரோகிராமுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல் என்றேன். அப்போதுதான் சொன்னாய். "சோர்ஸ் கோட் இல்லாம முடிஞ்சுபோன ப்ரோகிராமப் பிரிச்சுப் பாக்கிறது பெரிய ஆளுங்க வேலைம்மா. நானே செஞ்சதில்ல. உங்களுக்கு இது வராது. பேசாம வேலையப் பாருங்க."

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. அப்போது அப்பா தவறி எட்டு வருடம். நீ வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். அம்மா வேலையை இழந்துவிடுவாளோ என்று நீ பயந்தாய். பயத்தைப் பயம் என்று சொல்லாமல் வேறு மாதிரி சொன்னாய். அது என்னிடமிருந்து வந்த பழக்கம்தான்.

ஆனால் 'பிரிச்சுப் பாக்கிறது' என்ற அந்த வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டேன். ப்ரோகிராமை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. இது முதல் தப்பு, நீ இதைச் செய்யாதே. நீ படிக்கும்போது உன்னுடையதைப் பிரி, அல்லது பிரித்துக்கொள் என்று எழுதிக் கொடுத்ததைப் பிரி. பிறகு விசாரித்த அதிகாரிகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

வீட்டுக்கு வந்து அந்த ப்ரோகிராமை நோட்பேடில் திறந்தேன். குப்பை. பெட்டி பெட்டியாக, கட்டம் கட்டமாக. நடுவில் ஓரிடத்தில் 'பிரிண்டரில் பேப்பர் இல்லை' என்று நான் தினமும் பார்க்கிற மலாய் வரி ஒழுங்காக நின்றது. தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த ஒரு வரிதான் என்னை உட்காரவைத்தது.

முதல் மூன்று மாதம் வீணாகப் போனது. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வீடியோ பார்ப்பேன். அவர்கள் சொல்லச் சொல்ல எல்லாம் புரியும். தலையாட்டுவேன். மூடிவிட்டு நானாகச் செய்யப் போனால் கை எங்கே போவது என்று தெரியாது. பார்ப்பதும் படிப்பதும் வேறு என்று ஐம்பத்தோரு வயதில் கற்றேன். பிறகு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பதினாறை அடியாக வைத்து எண்ணுவதை, ஒன்பதுக்குப் பிறகு பத்து வராமல் ஏ, பி, சி என்று போவதை, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி எழுதிப் பழகினேன். அந்தத் தாள்களைப் பார்த்து, "அம்மா லாட்டரிச் சீட்டு எதுவும் எடுக்கிறீங்களா?" என்று நீ கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த அவசரம், நேராக எடை ப்ரோகிராமிலேயே இறங்கியது. இலவசமாகக் கிடைக்கிற ஒரு கருவியில் அதைப் போட்டால் இயந்திரக் கட்டளைகளாகப் பிரித்துக் காட்டும். லட்சக்கணக்கான வரி. ஏழு வாரம் அதில் அலைந்து ஒன்றும் பிடிபடாமல் அழுதேன். இணையத்தில் ஒரு மன்றத்தில் என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் ஒரே வரி பதில் போட்டார். நீயே ஒரு சின்ன ப்ரோகிராம் எழுது, அதையே பிரித்துப் பார் என்று.

தம்பி, உனக்கு நான் சொல்ல வேண்டியதில் பாதி இதுதான். சி மொழி ஐந்து மாதம் படித்தேன். இரண்டு எண்ணைக் கூட்டும் ப்ரோகிராம் எழுதுவேன், அது இயந்திர மொழியில் எப்படி ஆகிறது என்று பிரித்துப் பார்ப்பேன். 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று எழுதினால் உள்ளே ஓர் ஒப்பீடு, பின்னால் ஒரு தாவல். திரும்பத் திரும்பச் செய் என்று எழுதினால் அதே தாவல் மேல் நோக்கிப் போகும். பெருக்கினேன், வகுத்தேன், ஒவ்வொன்றும் உள்ளே எப்படி முகம் மாறுகிறது என்று நோட்டில் எழுதி வைத்தேன். பிறகு, கற்பவர்களுக்காகவே சிலர் செய்து போடும் புதிர் ப்ரோகிராம்கள் இருக்கின்றன. உள்ளே ஒரு கடவுச்சொல் ஒளிந்திருக்கும், கண்டுபிடிக்க வேண்டும். முதல் புதிருக்குப் பதினோரு நாள் ஆனது. அது திறந்த காலையில் நான் சமையலறையில் தனியாகக் கைதட்டினேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். ஏழாவது எட்டாவது புதிரெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. ஓடுகிற ப்ரோகிராமை நடுவில் நிறுத்தி, இந்த நொடி அதன் கையில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கிற கருவி டிபக்கர். அதைப் பழகிய பிறகுதான் இருட்டில் தடவுவது நின்றது.

இரண்டரை வருடம் கழித்து எடை ப்ரோகிராமுக்குத் திரும்பினேன். அந்த மலாய் வரியைப் பிடித்து, ப்ரோகிராமின் எந்தப் பகுதி அதைக் கூப்பிடுகிறது என்று பின்னாலேயே போய், எடை வந்து சேரும் இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே 61 என்று ஓர் எண். பதினாறு அடிக் கணக்கில் 61 என்றால் சின்ன 'a' எழுத்து. ஏதோ எழுத்தைத் தேடுகிறது என்று ஒன்பது நாள் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தேன். அதே 61 நம் கணக்கில் தொண்ணூற்றேழு என்பது தோன்றவே இல்லை. அதற்குக் கீழே 51EB851F என்று இன்னும் விசித்திரமான ஒன்று. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று என் நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது. நூறால் வகு என்று எழுதினால், நாம் எழுதியதை இயந்திர மொழியாக மாற்றும் கம்பைலர் வகுக்காது, அது மெதுவான வேலை. அந்தப் பெரிய எண்ணால் பெருக்கி, கொஞ்சம் நகர்த்தி, அதே விடையைக் கொண்டுவந்துவிடும். அப்படியானால் தொண்ணூற்றேழால் பெருக்கி நூறால் வகுக்கிறது. நூறு கிலோவுக்கு மூன்று கிலோவைக் கழிக்கிறது. டிபக்கரில் நிறுத்தி 5,000 என்று கையால் கொடுத்தேன். 4,850 ஆக வெளியே வந்தது.

ராமையா அங்கிளின் சீட்டு. அந்த எண்ணை நான் மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கழிப்பதற்கு முன்னால் ஓர் ஒப்பீடு இருந்தது. குறியீடு P என்று ஆரம்பித்தால்தான் கழிக்கும். மலாயில் பெக்கெபுன், சின்னத் தோட்டக்காரர். பெரிய தோட்டங்களுக்கு லாடாங் என்று L. அவர்களிடம் சொந்த எடை மேடை உண்டு, அவர்களை ஏமாற்ற முடியாது. ஐந்து ஏக்கர்காரனிடம் என்ன இருக்கிறது?

இப்போது உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது. இதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் தேவையே இல்லை. ஒரே லோரியை ஒரு முறை P என்றும் ஒரு முறை L என்றும் தட்டிப் பார்த்திருந்தால் ஒரு காலையில் தெரிந்திருக்கும். எந்த ப்ரோகிராமையும் உள்ளே பிரிப்பதற்கு முன்னால் வெளியே இருந்து ஆட்டி அசைத்துப் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். நான் அதைக் கடைசியாகக் கற்றேன். முட்டாள்தனம் மட்டும் இல்லை, தம்பி. படித்துக்கொண்டிருக்கும்வரை நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டு சொல்லலாம், இன்னும் உறுதியாகத் தெரியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனேன். விடியற்காலை கணினியில் உண்மையைத் தேடினேன். எட்டு மணிக்கு வேலைக்குப் போய் அதே பொய்ச் சீட்டை அச்சடித்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். மூன்று வருடம். படிப்பு ஒளிந்துகொள்ள நல்ல இடம். உனக்கும் ஒரு நாள் அப்படி ஆகலாம். ஆகும்போது தெரிந்துகொள்.

அடுத்த நாள் காலை ஒரு பெரிய தோட்டத்து லோரி குலையை இறக்கிவிட்டுக் காலியாக மேடைமேல் வந்து நின்றது. வேண்டுமென்றே P என்று தட்டினேன். 11,640. சீட்டு எடுத்தேன். குறியீட்டைத் திருத்தி L போட்டேன். 12,000. இன்னொரு சீட்டு. லோரி ஓர் அங்குலம் நகரவில்லை. இரண்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, மதியம் அரை நாள் லீவு போட்டு, எடைக் கருவிகளைச் சோதிக்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். நோட்டுகளையும் காட்டினேன். அந்த அதிகாரி நோட்டைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது போதும் அக்கா" என்றார்.

மீதி உனக்குத் தெரியும். எடை மேடைக்குச் சீல் வைத்தார்கள். இனி வர வேண்டாம் என்று மேனேஜர் எனக்கு போனில் சொன்னார். ப்ரோகிராம் எழுதியவர் நிலையத்துக்காரர்கள்தான் கேட்டார்கள் என்கிறார், அவர்கள் எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. நான் கிள்ளானில் ஸ்டேஷனரிக் கடையில் நிற்கிறேன். விடியற்காலைப் படிப்பை நிறுத்தவில்லை. தன்னைத்தானே சுருட்டி ஒளித்துக்கொள்ளும் ப்ரோகிராம்கள், டிபக்கரைக் கண்டால் வேஷம் போடுகிறவை, கெட்ட எண்ணத்தோடு எழுதியவை என்று கடினமானவற்றுக்கு வந்திருக்கிறேன். இவற்றை எப்போதும் கணினிக்குள் தனியாக அமைத்த ஒரு பொய்க் கணினியில் வைத்துத்தான் திற. உன் பட்டமளிப்புப் படங்கள் அழிந்துபோனது ஹார்ட் டிஸ்க் பழுதால் என்று சொன்னேன் அல்லவா? பழுது இல்லை. நான் ஒரு கெட்டதை நேராகவே ஓட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.

இனி, உனக்கு முற்றிலும் தெரியாதது. போன வருடம் தீபாவளிக்கு முன்னால் டெங்கிலுக்கு என்னைக் காரில் கூட்டிப்போனாய். தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கணும் என்றேன். நீ காரிலேயே உட்கார்ந்து போனில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாய். அது ராமையா அங்கிள் வீடு.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். நான் அந்த இரண்டு சீட்டின் நகலையும் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொல்லி, "அங்கிள், அன்னிக்கு உங்கள எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினேன். மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் சீட்டைத் தொடவில்லை.

"நூத்தம்பது கிலோ போனாப் போவுதும்மா" என்றார். "நடுவுல எறக்கினாங்களான்னு உங்க ஆளக் கேளுங்கன்னு சொன்னியே. நான் போய் கேட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"குமாருகிட்ட கேட்டேன். எங்கடா வித்தேன்னு கேட்டேன். இல்லப்பான்னான். அடுத்த வாரமும் கொறைஞ்சுது, மறுபடியும் கேட்டேன். மெஷினு பொய் சொல்லாதுடான்னு சொன்னேன். லோரி சாவிய மேஜ மேல வச்சிட்டு ஜொகூருக்குப் போயிட்டான். நாலு வருஷம் ஆச்சு. போன எடுக்கமாட்டான்."

என் வாயிலிருந்து வந்த வார்த்தை, தம்பி. எரிச்சலில், ஆறு லோரி காத்திருக்கிறதே என்று சொன்னது. நான் தேடிய கணக்கு அந்த ப்ரோகிராமுக்குள்ளே இருந்தது. அது செய்த வேலை இந்த வீட்டுக்குள்ளே இருந்தது.

அவர் தன் போனை என்னிடம் நீட்டினார். "நான் சொன்னா நம்பமாட்டான். நீ சொல்லு."

அவர் போனில் கூப்பிட்டால் எடுக்கமாட்டான் என்பதால் எண்ணைப் பார்த்து என் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தான். டெங்கில் எடை மேடை அக்கா பேசுறேன் என்றேன். பின்னால் ஏதோ பட்டறைச் சத்தம் கேட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். P என்ற எழுத்து, தொண்ணூற்றேழு, இரண்டு சீட்டு. "நீங்க ஒரு குலைகூட எறக்கலன்னு எனக்குத் தெரியும் தம்பி. நிரூபிச்சு எழுதிக் குடுத்திருக்கேன்" என்றேன். அவன், "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்றான். இருக்கார் என்றேன். "வேலை இருக்குக்கா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

நான் காருக்கு வந்தபோது, "என்னம்மா கண்ணு செவந்திருக்கு?" என்று கேட்டாய். தூசி என்றேன். கிள்ளான் வரும்வரை நீ ரேடியோ போடவில்லை.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ என்னிடம் சொன்ன ஒரு வார்த்தைக்காக வருந்துகிறாய். அதைக் கேட்டு நான் படித்தேன், அவ்வளவுதான். நான் சொன்ன வார்த்தை ஒரு மகனை வீட்டைவிட்டு அனுப்பியது. இந்தப் படிப்பில் நீ என்னைவிட வேகமாகப் போவாய், சந்தேகமில்லை. ஆனால் நீ எழுதியதோ பிரித்ததோ தப்பு என்று ஒருவர் வந்து நிற்கும்போது, எவ்வளவு வரிசை காத்திருந்தாலும் அவரை உட்காரவைத்துக் கேள். உன் மனைவி ஆகப் போகிறவள் சொன்னாலும் கேள்.

குமாரைக் கூப்பிட்டு எட்டு நாள் ஆனது. ஒன்றும் தெரியவில்லை. நானாகக் கேட்கவும் தைரியம் இல்லை. ஒன்பதாவது நாள் கடையில் பேனா அடுக்கிக்கொண்டிருந்தபோது ராமையா அங்கிள் கூப்பிட்டார். குரல் சரியாகவே கேட்கவில்லை. "அங்கிள், கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்றேன்.

"முடியாதும்மா" என்றார் அதே மெல்லிய குரலில். "குமாரு வந்திருக்கான். உள்ள தூங்குறான்."

அம்மா